இரண்டு மூட்டை சோனா மசூரி

எனக்கு ஒன்றுமே இல்லை என்று பெங்களூரில் நாலு டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. யூரிக் ஆசிட் அதிகம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் என்னைப் படுக்கவைத்து அரைமணி நேரம் டமடமவென்று அடித்துப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. எல்லாம் நார்மல். ஆனால் காலையில் கட்டிலைவிட்டு எழுந்து நேராக நிற்பதற்குள் பாமா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போகிறது.

வலிக்கிற இடத்தைக் காட்டினால்தானே டாக்டரும் பார்ப்பார் என்பீர்கள். அங்கேதான் தகராறு. என் வலிக்கு நிரந்தர விலாசம் கிடையாது. திங்கட்கிழமை வலது முட்டியில் இருக்கும். அதற்குத் தைலம் தடவி, கம்பளித் துணி சுற்றி, மரியாதையெல்லாம் செய்து முடித்தால், புதன்கிழமை இடது தோளுக்குக் குடிபோயிருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று மட்டும் எங்கேயும் இருக்காது. கடைசியாகப் பார்த்த டாக்டர் ராதாவுக்கு என் பெண் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, எல்லாம் நார்மல் அங்கிள், வயசாகிறது இல்லையா என்றாள். வயதாவது எனக்குத் தெரியாதா என்ன? அறுபத்துநாலு வருஷமாக அந்த ஒரு வேலையைத்தான் விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் சுந்தரேசன். கர்நாடக அரசின் நீர்ப்பாசனத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். தொம்மலூரில், லிஃப்ட் தனக்குத் தோன்றியபோது வேலை செய்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நானும் என் மனைவி பாமாவும் எங்கள் ஒரே பெண் சஹானாவும் இருந்தோம்.

வலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரில் எல்லாரும் வைத்தியர்கள். பார்க்கில் ஒருவர் முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துவிடச் சொன்னார். ஒருவர் தன் கையில் இருந்த செப்பு வளையத்தையே கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். என் மணிக்கட்டு பச்சையானதுதான் மிச்சம். இன்னொருவர் பின்பக்கமாக நடந்தால் முட்டி சரியாகிவிடும் என்றார். நடந்து பார்த்தேன். படுத்திருந்த நாயின் வாலை மிதித்தேன். நாயும் நானும் சேர்ந்து கத்தினோம்.

பாமா மட்டும் எந்த யோசனையும் சொல்லவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, தனக்கும் வலது தோள் பத்து வருஷமாக வலிக்கிறது என்றாள். ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டால், சொன்னால் நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்று இருந்துவிட்டாளாம். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒருவருக்கு ஒருவர் தைலம் தடவுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அவள் தோளுக்கு, அவள் அன்றைக்கு எனக்கு எங்கே வலியோ அங்கே. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் அதிகம் சிரித்துப் பேசியது இந்தத் தைல நேரத்தில்தான். அந்த ஒரு விஷயத்தில் வலிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் சஹானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ப்ரஹ்லாத் அவளோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவன். மல்லேஸ்வரத்துக் கன்னடக் குடும்பம். அவனுடைய அப்பா சேஷகிரி ராவ், காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது சோபாவில் மிகவும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நானும் பெண்ணின் அப்பா என்ற கெத்தில் எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் நேரம் வந்தது. அவர் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், பாதியில் நின்றுவிட்டார். மரியாதைக்காக நானும் எழப்போய், பாதியில் நின்றேன். இருவரும் குனிந்த நிலையிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மண்டியா?" என்று கேட்டார். கன்னடத்தில் மண்டி என்றால் முட்டி.

மண்டியும்தான் என்றேன். அவருக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாம். அதற்கப்புறம் அவர்கள் கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது காப்பியும் வந்தது. சம்பந்தியை அவர்கள் பீகரு என்பார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு வரும் முதல் ஃபோன் என் பீகருடையதுதான். குட்மார்னிங்கெல்லாம் கிடையாது. இன்றைக்கு எங்கே என்று கேட்பார். இடது கணுக்கால் என்பேன். தனக்குக் கழுத்து என்பார். சுற்றம் பெருகுவது என்றால் இப்படியல்லவா பெருக வேண்டும்!

கல்யாணம் தை மாதம், எங்கள் முறைப்படி என்று முடிவாயிற்று. எங்கள் குடும்ப வாத்தியார் வெங்கடராமன் சாஸ்திரிகள் ஆவணியிலேயே வீட்டுக்கு வந்து, எது எது எப்போது என்று சொல்லிக்கொண்டு போனார். தாலி கட்டும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். காரணம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது பெண் தனியாக மணையில் உட்காருவதில்லை. நெல் மூட்டை போட்டு, அதன்மேல் அப்பா உட்கார்ந்து, அப்பாவின் மடியில் பெண் உட்கார வேண்டும். மாப்பிள்ளை எதிரே நின்று கட்டுவார். நானோ கொஞ்ச நேரம் முன்னால்தான் சாஸ்திரிகளுக்கு நமஸ்காரம் பண்ணக் குனிந்து, நிமிர முடியாமல் பாமாவைக் கூப்பிட்டிருந்தேன்.

அப்பாவால் முடியாவிட்டால் தோஷமில்லை என்றார் சாஸ்திரிகள். பெரியப்பா, சித்தப்பா, மாமா, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்.

மாமா பக்கத்திலேயே இருந்தான். பாமாவின் தம்பி சாமிநாதன். ஐம்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமையானால் உடம்போடு ஒட்டிய பளபள உடுப்பில் நந்தி மலைக்குச் சைக்கிளில் போய்வந்து, போய்வந்த சேதியை ஊருக்கெல்லாம் ஃபோட்டோவோடு அனுப்புகிறவன். நல்லவன்தான், அதுதான் அவனிடம் எனக்கு இருக்கிற கஷ்டம். திட்டவும் முடியாது. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்குவது எப்படியும் மாமாவின் உரிமை. அது போதாதென்று அவன் என் முட்டியில் அன்பாகத் தட்டி, "நீங்க கவலையே படாதேங்கோ அத்திம்பேர். மடியும் நானே பார்த்துக்கறேன்" என்றான்.

"தோளும் உனக்கு, மடியும் உனக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சஹானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் உட்காருவேன், வேறு பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து கம்பீரமாக உள்ளே போய்விட நினைத்தேன். எழ முடியவில்லை. ஆகவே கம்பீரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதென்று சொல்லிவிடுகிறேன். சஹானா சின்னவளாக இருந்தபோது அவளுக்குச் சாப்பிட, வாய்ப்பாடு சொல்ல, கோபித்துக்கொண்டு அழ, அழுதபடியே தூங்க, எல்லாவற்றுக்கும் என் மடிதான். பேப்பர் படிக்கவே நான் அவள் தலைக்கு மேலே கையைத் தூக்கித்தான் படிப்பேன். அப்புறம் ஏதோ ஒரு நாள் அவள் மடியைவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அதுதான் கடைசித் தடவை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டிருப்பேன். கல்யாணத்தன்று இன்னும் ஒரே ஒரு தடவை உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் காத்திருந்தேன். அதைப் போய் ஒரு சைக்கிள்காரனுக்கு விட்டுக்கொடுப்பதா?

ஆனால் மடி தாங்க வேண்டுமே. நான் வேலை பார்த்த துறையில், கட்டிய பாலத்தின்மேல் பாரம் ஏற்றிப் பார்க்காமல் திறப்புவிழா வைக்க மாட்டோம். இங்கே பாலம் என் முட்டி. பாரம் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே சஹானாவிடம், சும்மா கேட்கிறேன், நீ எவ்வளவு எடை இருப்பாய் என்று கேட்டேன். கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் அதுதான் முதலாவது என்று எனக்குத் தெரியாது. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பாமா என்னிடம் பேசவில்லை. நானே கண்ணளவில் ஒரு கணக்குப் போட்டு, மூலைக்கடையிலிருந்து சோனா மசூரி அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றை வரவழைத்தேன். ஒன்று பழகிய பிறகு இரண்டாவது.

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, மூட்டையைக் கட்டிலிலிருந்து மடிக்கு நகர்த்திக்கொள்வேன். எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று சாஸ்திரிகளிடம் நைசாகக் கேட்டு வைத்திருந்தேன். மந்திரம், மேளம், முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்கிற ஃபோட்டோக்காரர், எல்லாம் சேர்ந்து டிவி சீரியலில் இரண்டு விளம்பர இடைவேளை அளவு வரும். முதல் நாள் ஒரு சோப்பு விளம்பரம் முடிவதற்குள் தொடை மரத்து, முட்டி விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். போகப் போக ஒரு இடைவேளை வரை தாக்குப்பிடித்தேன்.

அப்படி ஒரு நாள் நான் கண்ணை மூடி மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பாமா கதவைத் திறந்துவிட்டாள். அரிசி மூட்டையை மடியில் வைத்துக் கொஞ்சும் புருஷனைப் பார்த்தால் எந்த மனைவிக்கும் ஒன்றிரண்டு கேள்விகள் வரும். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு கணம் பார்த்தாள். புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்த் தன் பழைய பட்டுப்புடவை ஒன்றை எடுத்துவந்து மூட்டைக்குச் சுற்றிவிட்டாள்.

"பட்டு வழுக்கும். அதையும் சேர்த்துப் பழகுங்கோ" என்றாள்.

இவளை எதற்காகக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எனக்கு அப்போது மிக நன்றாக ஞாபகம் வந்தது. சஹானாவிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். வீட்டில் மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு கடையில் கிலோ கிலோவாக வாங்கிச் சமைக்கிறவள் இந்த ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று அவள் அலுத்துக்கொண்டாலும், அந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. தீபாவளி கழிந்து இரண்டாவது மூட்டையும் வந்து சேர்ந்தது.

சஹானாவின் போக்கும் அந்த மாதங்களில் விநோதமாகத்தான் இருந்தது. ஜிம்முக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் சாயங்காலம் ஹாலுக்கு வந்தால், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் முட்டியை மடக்கி நிற்கிறாள். கீழே நாற்காலி இல்லை. காதில் ஃபோன். கால் கிடுகிடுவென்று நடுங்குகிறது. வீட்டில் நாலு நாற்காலி இருக்கும்போது இது என்ன உட்காருகிற லட்சணம் என்று கேட்டேன். முதுகுக்கு நல்லதாம், ஜிம்மில் சொல்லிக்கொடுத்தார்களாம். இன்னொரு நாள் அம்மாவின் அறையிலிருந்து ஒன்பது கஜம் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள், முகமெல்லாம் வேர்வை. மடிசார் கட்டிக்கொள்ளப் பழகுகிறாளாம். கல்யாணப் பெண்கள் மெலிவதற்கு என்னென்னவோ செய்வார்கள் என்று நான் மேலே கேட்கவில்லை. மெலிந்தால் எனக்கும் லாபம்தானே என்று ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது.

மார்கழி பிறந்தது. பெங்களூர்க் குளிரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஏ.சி. போட்டதுபோல் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு முட்டி இல்லை போலிருக்கிறது. அதுவரை இடம் விட்டு இடம் போய்க்கொண்டிருந்த வலி, ஒரு நாள் எல்லா இடத்துக்கும் சேர்ந்து வந்தது. இரண்டு முட்டி, தோள், விரல் கணு, ஒன்று பாக்கியில்லை. இரண்டு மூட்டை என்ன, மடியில் பேப்பரை வைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. கல்யாணத்துக்கு இருந்ததோ சில வாரங்கள்தான். பத்திரிகை கொடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், லிஃப்ட் அன்றைக்கு லீவு. முதல் மாடி ஏறுவதற்குள் கால் கெஞ்சியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல்முறையாக, முடியாது போலிருக்கிறதே என்று மனசு விட்டுப்போயிற்று. பத்திரிகைப் பையைக் கட்டிக்கொண்டு, யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சஹானாதான் வந்தாள். ஆபீஸிலிருந்து திரும்பியவள், என்னைப் பார்த்ததும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மாமாவே உக்காரட்டும்பா" என்றாள். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லை."

"உனக்கு இல்லேன்னா போறது. எனக்கு இருக்கு."

"உன்னை இப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருக்குப்பா."

"ஒரு தடவைதான் கேக்கறேன், சஹானா. உன்னை அவாத்துக்குக் குடுக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எங்கிட்ட இருக்க வேண்டாமா?"

குடுக்கறதுக்கு நான் என்ன எவர்சில்வர் குடமா என்று வழக்கமாகச் சண்டைக்கு வருகிற பெண் அவள். அன்றைக்கு வரவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வலிக்கிற தோள். நான் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி. நீதான் உக்காரணும்" என்றாள். "ஆனா நீ அசையாம உக்காந்திண்டா போறும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மற்றது என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சம்மதித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மிச்ச மாடிகளையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

தை பிறந்து, முகூர்த்த நாளும் வந்தது. மல்லேஸ்வரத்தில் கல்யாண மண்டபம். மாலை மாற்றும்போது சாமிநாதன் சஹானாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடின ஓட்டத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பீகர் பக்கத்தில் இந்தத் தூக்கும் பழக்கம் இல்லாததால், ப்ரஹ்லாதை அவனுடைய சிநேகிதர்கள் கிரிக்கெட்டில் ஜெயித்தவனைத் தூக்குவதுபோல் தூக்கிவிட்டார்கள். மாலை சஹானாவுக்குப் பதிலாக நாதஸ்வரக்காரர் கழுத்தில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. நான் மட்டும் சிரித்துக்கொண்டே முட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல் மூட்டைகளை அடுக்கி ஜமக்காளம் விரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, நான் உட்கார்ந்தேன். எதிரே பீகர், பட்டுச் சால்வையும் மைசூர்த் தலைப்பாகையுமாக நின்றுகொண்டு, கண்ணாலேயே இன்றைக்கு எங்கே என்று கேட்டார். எல்லா இடத்திலும் என்று கையை விரித்தேன். கவலையோடு தலையை ஆட்டினார். சாமிநாதன் எனக்குப் பின்னாலேயே நின்றான். விழுந்தால் பிடிக்கவா, இடத்தைப் பிடிக்கவா என்று தெரியவில்லை.

கூறைப்புடவையை மடிசாராகக் கட்டிக்கொண்டு சஹானா வந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டு வழுக்குமே என்று கையை விரித்துத் தயாராக இருந்தேன். அவள் முதுகைத் திருப்பி என் மடியில் உட்கார்ந்தாள்.

ஒன்றுமே வலிக்கவில்லை. பட்டு உரசியது, அவ்வளவுதான். நான் திகைத்துப்போனேன். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சோனா மசூரி கை கொடுத்துவிட்டது, இரண்டு மூட்டை தாங்கப் பழகிய மடிக்கு இவள் தூசு என்று ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பீகரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தேன். அப்போதுதான் அந்த நடுக்கம் தெரிந்தது. முதலில் என் கால்தான் நடுங்குகிறது என்று நினைத்தேன். என் கால் இல்லை. மடிசாருக்குள்ளே அவளுடைய தொடை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நாற்காலி இல்லாமல் நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

"சஹானா" என்று அவள் காதருகே சொன்னேன். "நீ உக்காரவே இல்லையா?"

"உக்காந்துண்டுதானே இருக்கேன்."

"பொய் சொல்லாதே. காத்துல நிக்கறே."

அவள் திரும்பவில்லை. எதிரே இருநூறு பேரும் இரண்டு கேமராவும் இருந்ததால் முகத்தில் கல்யாணச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, "உனக்கு முட்டி வலிக்கும்பா" என்றாள்.

"வலிக்கட்டும். அதுக்குத்தான் இத்தனை நாள் காத்துண்டிருக்கேன். நன்னா உக்காரு."

சாஸ்திரிகள் கையைத் தூக்கிவிட்டார். கெட்டிமேளம் என்று யாரோ கத்த, மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாக எழுந்தன. ப்ரஹ்லாத் தாலியோடு குனிந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சஹானா ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுடைய நடுக்கம் நின்றது. முழுசாக உட்கார்ந்தாள்.

கண்ணளவில் போட்ட கணக்கு தப்பு. இரண்டு மூட்டைக்கும் மேலே இருந்தாள். முட்டி தெறித்தது, இடுப்பு தெறித்தது, எனக்குப் பெயர் தெரியாத இடங்களெல்லாம் தெறித்தன. ஆனால் அரிசி மூட்டை மூச்சு விடாது. அது பின்னால் கையை நீட்டி என் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக்கொள்ளாது. சின்னவளாக இருந்தபோது தூக்கம் வந்தால் அப்படித்தான் பிடிப்பாள். நான் தாலியைப் பார்க்கவே இல்லை. அவள் தலைப்பூ என் மூக்கில் உரச, கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவள் எழுந்த பிறகு என்னால் எழ முடியவில்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை ஒரு கை கொடுத்தான். பீகர் வேகமாக வந்து இன்னொரு கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பேசாமல் அவரும் என் பக்கத்திலேயே நெல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களெல்லாம் ஏதோ எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்து எங்கள் இருவர் மேலும் அட்சதை போட்டுவிட்டுப் போனார்கள். சாமிநாதன் அதை ஃபோட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவன்மேல் இருந்த கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். பாமா பின்னறையிலிருந்து பட்டுப்புடவை சுற்றிய மூட்டையை இழுத்துவரச் சொன்னபோதுதான் சஹானாவுக்கு விஷயம் தெரிந்தது. அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். நான் சும்மா இருக்காமல், நீயும்தான் என்னிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் சுவரில் தொங்கினாய் என்றேன். ஜிம்மில் கற்றுக்கொண்டதை மடிசாரில் செய்துபார்க்க வேண்டும் என்று யோசனை சொன்னதே அம்மாதான் என்றாள் அவள். அம்மாவின் அறையில், அம்மா புடவை கட்டிவிட, அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அப்படித்தான் பழகினாளாம்.

இருவரும் பாமாவைப் பார்த்தோம். ஒரு அறையில் மூட்டைக்குப் பட்டு சுற்றியவள், அடுத்த அறையில் பெண்ணுக்கு மடிசார் சுற்றியிருக்கிறாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பாதியிலயே நிறுத்தியிருப்பேள்" என்றாள் பாமா. மூட்டையின் வாயைக் கத்தரித்து, நாலு ஆழாக்கு அரிசியை அளந்து எடுத்துக்கொண்டு, தோளைத் தடவியபடி உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இரண்டு முட்டியும் வலித்தது. தினமும் காலையில் பீகர் ஃபோன் செய்து இன்றைக்கு எங்கே என்று கேட்டார். முட்டி என்றேன், அடுத்த நாளும் முட்டி என்றேன். நகராமல் ஒரே இடத்தில் இருக்கிறதே, டாக்டரிடம் காட்டினால் இந்தத் தடவை காரணம் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் உற்சாகமானார். டாக்டர் வேண்டாம், இந்த ஒரு வலிக்கு மட்டும் எனக்கே காரணம் தெரியும் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்கு முதுகு என்றார்.

அடுத்த வாரம் காலையில் எழுந்தபோது வலி இடது முழங்கைக்குப் போயிருந்தது. முட்டியைத் தொட்டுப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.